பூவின் விலையில் சேராத நீர்

நாவலூரில் மாலை வேளையில் மல்லிகையோ ரோஜாவோ வாங்குகிற நாம், அது எந்த மண்ணில் பூத்தது என்று கேட்பதில்லை. நெல் விளைந்த இவ்வூர், பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் தடமானபின் வாங்கி நுகரும் ஊராகிவிட்டது. பூவின் விலை நமக்குத் தெரியும். அது பூத்த இடத்தில் செலவான நீரும், அங்கேயே தங்கிவிட்ட உப்பும் நஞ்சும் அவ்விலையில் சேர்வதில்லை.

தமிழகத்தில் பூப்பயிருக்கு நெடிய வரலாறு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் திருநந்தவனத்துக்கும், அதைப் பேணுவோரின் வாழ்வுக்கும் நிலம் விடப்பட்டதைப் பதிவு செய்கின்றன. அந்நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. கோயிலின் தேவையே தோட்டத்தின் அளவாக இருந்தது. பறித்த பூ அவ்வூரிலேயே வாடி, அவ்வூர் மண்ணிலேயே மட்கியது. அதனைப் பொற்காலம் என்று போற்றுவது நம் நோக்கமன்று. பயிருக்கு ஓர் எல்லை இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

சந்தை அவ்வெல்லையை அகற்றியது. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. குளிர்ந்த தட்பவெப்பமும் பெங்களூரின் அண்மையும் வாய்த்த ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடில்கள் பெருகின. அங்கு மலரும் 'தாஜ்மகால்' என்னும் செந்நிற ரோஜா, பிப்ரவரி 14ஐ ஒட்டி வெளிநாடுகளுக்குப் பறக்கிறது. இத்தொழிலால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதும் உண்மையே.

ஆயினும் மண்ணின் கணக்கு வேறு. பசுமைக்குடிலின் கூரை மழையைத் தடுக்கிறது. சொட்டுநீரில் கரைத்துத் தரும் உரத்தில் செடி உறிஞ்சியது போக எஞ்சிய உப்பு, மழையால் கழுவப்படாமல் வேரடியிலேயே படிகிறது. அதை அகற்ற மேலும் நீர் பாய்ச்சினால், நைட்ரேட் நிலத்தடிக்கு இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. திறந்தவெளி மல்லிகைத் தோட்டத்திலோ மொட்டுப்புழுவுக்கு அஞ்சி மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. பூ உணவன்று; ஆதலால் காய்கனிகளுக்கு உள்ள நச்சு எச்ச வரம்பு ஐரோப்பியச் சந்தையிலும் கொய்மலருக்கு இல்லை. தெளிப்பவரின் நுரையீரலும் தோட்டத்து மண்ணுமே அதைத் தாங்குகின்றன.

கென்யாவின் நைவாசா ஏரி இதன் முன்னுதாரணம். 1960களின் இறுதியில் அங்கு தொடங்கிய மலர்ப்பண்ணைகள் ஐரோப்பாவின் பூச்சாடிகளை நிரப்பின. ஒரு ரோஜாவுக்கு 7 முதல் 13 லிட்டர் நீர் செலவாவதாக 2012இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மண்ணைத் தூய்மையாக்க மலர்த்தொழில் பயன்படுத்திய மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தையே அரித்தது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகள் 2005லும் வளரும் நாடுகள் 2015லும் அதனைக் கைவிட வேண்டியதாயிற்று.

அவ்வாறு கைவிட முடிந்தது என்பதிலேயே நமக்கான பாடம் இருக்கிறது. நெதர்லாந்துக் கண்ணாடிக்குடில்கள் வடிநீரைச் சேர்த்து மீண்டும் பாய்ச்சும் முறைக்கு மாறின. கூரைமீது விழும் மழையைக் குட்டையில் தேக்குவது நம் ஊர்களிலும் இயலும். ஆழ்துளைக் கிணற்றின் நீரை அளப்பதும் அரிதன்று. ஆனால் இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அச்செலவை உழவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, முழம் இன்னும் மலிவாக வேண்டும் என்று பேரம் பேசுவோமாயின், அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்வது உவர்நிலமும் வற்றிய கிணறுமே.