கட்சி கடந்த ஓட்டு: அமெரிக்க செனட் தேர்தல்களில் மிதவாதிகளின் எழுச்சியும் தேய்வும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்து வாக்காளர்கள், 2020ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதியன்று, ஜனாதிபதி பதவிக்கு ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜோ பைடனுக்கு 53 சதவீத ஓட்டுகளை அளித்தார்கள்; அன்றே, செனட் ஸ்தானத்துக்குக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சூசன் காலின்ஸ் அம்மையாருக்கு 51 சதவீத ஓட்டுகளை அளித்து அவரை ஐந்தாம் முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். இவ்விரு எண்களையும் கூட்டினால் நூறுக்குமேல் நான்கு மிஞ்சுகிறது. ஆகவே, நூற்றுக்கு நான்கு பேருக்குக் குறையாமல், ஒரு கட்சியின் ஜனாதிபதி அபேட்சகரையும் மறு கட்சியின் செனட்டரையும் ஒருங்கே ஆதரித்தனர் என்பது நிச்சயம். உண்மையான தொகை இதைவிடப் பெரிதாக இருக்கலாமே ஒழிய ஏறக்குறைய இதற்குக் குறைய வழியில்லை.

இந்நிகழ்ச்சியின் விசேஷம் அதன் அபூர்வத் தன்மையிலேயே அடங்கியிருக்கிறது. அவ்வாண்டில் வேறெந்த மாநிலமும் இவ்விதம் இரு கட்சிகளுக்கும் வெற்றியைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் செனட் தேர்தல் நடைபெற்ற 34 மாநிலங்களிலும், ஜனாதிபதி தேர்தலில் எந்தக் கட்சி வென்றதோ அதே கட்சியே செனட்டிலும் வென்றது. செனட்டர்களை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சாசனத்தின் பதினேழாவது திருத்தம் 1913ஆம் ஆண்டில் வழங்கியதற்குப் பின் ஜனாதிபதி தேர்தல் ஆண்டொன்றில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. ஒரு காலத்தில் சர்வசாதாரணமாக இருந்த வழக்கம் ஒன்று எவ்வாறு வளர்ந்தது, ஏன் தேய்ந்தது, முற்றும் மறையாமல் எவ்விடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்குச்சீட்டின் வடிவம்

ஓட்டைப் பிரித்தளிக்கும் மனம் வாக்காளருக்கு இருந்தால் மட்டும் போதாது; அதற்குச் சீட்டு இடங்கொடுக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாக்குச்சீட்டை அச்சிட்டவை அரசாங்கங்கள் அல்ல, கட்சிகளே. ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி நிறமும் சின்னமும் சேர்த்து, தன் ஆட்கள் மூலம் வாக்குச்சாவடி வாயிலில் விநியோகித்தது. அதில் ஒருவரை விலக்க விரும்பியவர், பலர் பார்த்திருக்க, அவர் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு வேறு பெயரை எழுதவோ, பசை தடவிய சிறு காகிதத் துண்டை அதன்மேல் ஒட்டவோ வேண்டியிருந்தது.

அரசாங்கமே அச்சிட்டு இரகசியமாக நிரப்பச் செய்யும் ஆஸ்திரேலியச் சீட்டு 1888ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸில் சட்டமாகி, அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. அதிலும் இரு வகைகள் உண்டு. இண்டியானா வகையில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பத்தி அமைந்து, தலைப்பில் ஒரே ஒரு குறியிட்டால் கட்சி முழுவதற்கும் ஓட்டு விழுந்தது. மாசசூசெட்ஸ் வகையிலோ பெயர்கள் பதவிவாரியாக அமைந்து, வாக்காளர் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியே தீர்மானம் செய்யவேண்டி வந்தது. பின்னதை மேற்கொண்ட இடங்களில் பிரிந்த ஓட்டு அதிகரித்தது என்பதை ஜெரால்டு ரஸ்க் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நிறுவியிருக்கிறது.

இவ்வடிவத்தின் வலிமையை அரசியல்வாதிகள் நன்கறிந்திருந்தார்கள். ஒஹாயோவில் 1950ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் ராபர்ட் டாஃப்ட் மீண்டும் செனட்டுக்கு நிற்கவேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சியின் கவர்னர் ஃபிராங்க் லௌஷியோ மக்களின் அபிமானத்தை நிறையப் பெற்றிருந்தார். லௌஷிக்காகக் கட்சித் தலைப்பில் இடப்படும் ஒரு குறி டாஃப்டையும் கவிழ்த்துவிடலாம் என்று அஞ்சிய டாஃப்டின் ஆதரவாளர்கள், முந்தைய ஆண்டிலேயே பதவிவாரிச் சீட்டை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் கொண்டுவந்தனர். மறு ஆண்டில் டாஃப்டும் வென்றார், லௌஷியும் வென்றார். டாஃப்ட் மிதவாதி அல்லர். எனினும் மிதவாதிகள் பிற்காலத்தில் நடந்துசென்ற வாயில் இத்தகைய சீட்டுகளால் திறக்கப்பட்டதே.

கலப்புக் கட்சிகளின் காலம்

வாயில் திறந்திருந்தாலும் அதன் வழியே செல்வோர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1900ஆம் ஆண்டில் ஜனாதிபதி பதவிக்கு ஒரு கட்சியையும் பிரதிநிதி சபைக்கு மறு கட்சியையும் தேர்ந்தெடுத்த தொகுதிகள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு; 1972ஆம் ஆண்டிலோ 435 தொகுதிகளில் 192 அவ்வாறு பிரிந்தன. இந்தப் பெருக்கத்துக்கு மூலகாரணம், கட்சிகள் அக்காலத்தில் உள்ளுக்குள்ளேயே கலப்பாக இருந்தமை. 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமை மசோதாவை செனட் 73க்கு 27 என்ற கணக்கில் நிறைவேற்றியபோது, ஆதரித்தவர்களில் 46 பேர் ஜனநாயகக் கட்சியினர், 27 பேர் குடியரசுக் கட்சியினர். எதிர்த்த 27 பேரிலும் 21 பேர் ஜனநாயகக் கட்சியினரே. தென்னாட்டுப் பழமைவாதியும் வடநாட்டு முற்போக்காளரும் ஒரே கட்சிப் பெயரைத் தாங்கி நின்ற நிலையில், கட்சிப் பெயரை மட்டும் கண்டு ஓர் அபேட்சகரின் கொள்கையை வாக்காளர் ஊகிக்க முடியவில்லை. ஆளைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாசசூசெட்ஸ் சிறந்த திருஷ்டாந்தம். 1972ஆம் ஆண்டில் ரிச்சர்டு நிக்ஸன் 49 மாநிலங்களை வென்றபோது, ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம் நின்ற ஒரே மாநிலம் அதுதான். அதே மாநிலம், அதே நாளில், நிக்ஸனின் கட்சியைச் சேர்ந்த எட்வர்டு புரூக்கை 63 சதவீதத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளோடு செனட்டுக்குத் திரும்ப அனுப்பியது. மெக்கவர்ன் பெற்ற 54 சதவீதத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், நூற்றுக்குப் பதினேழு பேராவது இருவருக்கும் ஓட்டளித்திருக்க வேண்டும். மக்கள் ஓட்டினால் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரான புரூக், சிவில் உரிமைகளிலும் வீட்டுவசதி விஷயத்திலும் தம் கட்சியின் பெரும்பாலோரினின்று விலகி நின்றவர். நிக்ஸன் பதவி விலக வேண்டும் என்று 1973 நவம்பரில் பகிரங்கமாகக் கோரிய முதல் குடியரசுக் கட்சி செனட்டரும் அவரே. அவருக்கு ஓட்டளித்த ஜனநாயகக் கட்சி அபிமானி தம் கொள்கையில் எதையும் துறக்கவில்லை. கட்சிப் பெயர் ஒன்றையே கடந்தார்.

இரு விளக்கங்கள்

இவ்வழக்கத்துக்கு அறிஞர்கள் கூறும் காரணங்கள் இரு வகைப்படும். மாரிஸ் ஃபியோரினா 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இரு கட்சிகளும் தமக்கு இரு பக்கத்திலும் தூரமாக நிற்பதைக் காணும் நடுநிலை வாக்காளர், ஜனாதிபதியை ஒரு கட்சிக்கும் சட்டமியற்றும் சபையை மற்றதற்கும் கொடுத்து, ஒன்றையொன்று கட்டுப்படுத்தச் செய்கிறார் என்னும் சமநிலைச் சித்தாந்தத்தை விவரித்தார். பாரி பர்டனும் டேவிட் கிம்பலும் 2002ஆம் ஆண்டில் இதை மறுத்து, வாக்காளர் அப்படித் திட்டமிடுவதில்லை என்றும், பதவியிலிருப்பவரின் பிராபல்யம், போட்டியிடுபவரின் பலவீனம், இரு அபேட்சகர்களின் கொள்கைகள் நெருங்கி நிற்றல் ஆகியவற்றாலேயே ஓட்டு பிரிகிறது என்றும் வாதித்தனர்.

சமநிலைச் சித்தாந்தம் முழு உண்மையானால், கட்சிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக நடுவிலிருப்போரின் அச்சம் வளர்ந்து, பிரிந்த ஓட்டும் பெருகியிருக்க வேண்டும். சரித்திரம் அதற்கு நேர்மாறாகச் சென்றது: பிரிந்த தொகுதிகள் 1972இல் 192ஆக இருந்தவை, கட்சிகளின் இடைவெளி மிகமிக அகன்ற 2020இல் 16ஆகச் சுருங்கின. ஆகவே பர்டன், கிம்பல் ஆகியோரின் கூற்றே வலுவுடையது. ஆனால் அதுவும், மக்கள் மதித்த ஒரு மிதவாதி பலமான காரணம் ஏதுமின்றித் தோற்பது எப்படி என்பதை விளக்கப் போதவில்லை. அதற்கு ரோட் ஐலண்டைப் பார்க்கவேண்டும்.

தேய்வின் காரணங்கள்

ரோட் ஐலண்டின் லிங்கன் சேஃபீ, ஈராக் யுத்தத்துக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை 2002ஆம் ஆண்டில் எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சி செனட்டர். 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரது பணியை வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெச்சினர். எனினும் அவர் ஏறக்குறைய ஏழு சதவீத வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்டன் வைட்ஹவுஸிடம் தோற்றார். வைட்ஹவுஸின் வாதம் சேஃபீயின் குணத்தைப் பற்றியதன்று: சேஃபீ வென்றால் சபையின் தலைமை அவர் கட்சியிடமே தங்கும் என்பதுதான். அத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி, தன்னோடு சேர்ந்த இரு சுயேச்சைகளையும் கூட்டி, 51க்கு 49 என்ற கணக்கில் செனட் சபையைக் கைப்பற்றியது. அந்தக் கணக்கில் சேஃபீயின் ஸ்தானமும் ஒன்று. வாக்காளர் ஆளை விரும்பியும் அவர் நாற்காலியை விரும்பவில்லை.

மற்றொரு காரணம், மிதவாதி பொதுத்தேர்தலை எட்டுவதே துர்லபமாகிப்போனது. 1977ஆம் ஆண்டு முதல் இண்டியானாவின் செனட்டராக இருந்த ரிச்சர்டு லூகர், 2012ஆம் ஆண்டில் தம் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலேயே ரிச்சர்டு மர்டாக்கிடம் தோற்றார். நவம்பரில் ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி வென்ற அதே இண்டியானாவில், மர்டாக்கை ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலி வென்றார். கட்சி தன் மிதவாதியைக் கைவிட்டபோது, ஓட்டு மறு கட்சியின் மிதவாதியிடம் சென்றது.

கட்சியினின்று தம்மைப் பகிரங்கமாகப் பிரித்துக் காட்டியவர்களுக்கு மட்டும் பிரிந்த ஓட்டின் ஆதரவு சிறிது காலம் நீடித்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சியினரான ஜோ மான்சின், 2010ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றில், தம் கட்சியினர் கொண்டுவந்திருந்த கரிப்புகைக் கட்டுப்பாட்டு மசோதாவை இலக்காக வைத்துத் துப்பாக்கியால் சுட்டார். நிலக்கரியை நம்பி வாழும் மாநிலத்தில் அந்தக் குண்டு இலக்குத் தவறவில்லை: 2012இல் ராம்னிக்கு அங்கே 62 சதவீதம், மான்சினுக்கு 60 சதவீதத்துக்கு மேல். நூற்றுக்கு இருபத்திரண்டு பேருக்குக் குறையாமல் இருவருக்கும் ஓட்டளித்திருக்கிறார்கள். ஆயினும் 2018இல் அவர் வென்ற வித்தியாசம் சுமார் மூன்று சதவீதமே. 2024இல் அவர் போட்டியிடவில்லை, அந்த ஸ்தானம் குடியரசுக் கட்சிக்குப் போயிற்று. இடக்கையின் மூன்று விரல்களைச் சிறுவயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இழந்து, பதவியிலிருந்தபோதும் தம் நிலத்தில் பயிரிட்டுவந்த, மான்டானாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் டெஸ்டர், மூன்று முறை வென்றபின் அதே ஆண்டில் வீழ்ந்தார். மேரிலாந்தின் முன்னாள் கவர்னரான குடியரசுக் கட்சி மிதவாதி லாரி ஹோகன், அம்மாநிலத்தில் தம் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் டிரம்ப் பெற்றதைக் காட்டிலும் எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றும், சுமார் பன்னிரண்டு சதவீத வித்தியாசத்தில் தோற்றார். அவருக்குக் கவர்னர் பதவியை இருமுறை கொடுத்த மாநிலம் செனட்டைக் கொடுக்க மறுத்ததிலிருந்து, சந்தேகிக்கப்பட்டது ஆள் அல்ல, அந்தப் பதவியால் சபையில் மாறக்கூடிய கணக்கே என்பது விளங்கும்.

முடிவுரை

காலின்ஸ் அம்மையார் 2020இல் பிழைத்ததும் இந்நியதிக்கு அடங்கியதே. அவர் 1974இல் ஜேம்ஸ் லாங்லியையும் 1994இல் ஆங்கஸ் கிங்கையும் சுயேச்சைக் கவர்னர்களாகத் தேர்ந்தெடுத்துப் பழகிய மாநிலத்தவர். 2017இல் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தை ரத்துசெய்யும் முயற்சியை எதிர்த்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். தேர்தலுக்கு எட்டு நாள் முன்னதாக, ஏமி பாரெட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்தை எதிர்த்து ஓட்டளித்த ஒரே குடியரசுக் கட்சியினர். ஆனால் 2018இல் பிரெட் கவனாவின் நியமனத்தை அவர் ஆதரித்ததை வாக்காளர்களில் ஒரு சாரார் மன்னிக்கவில்லை. 2008இல் அவர் 61 சதவீதமும், ஜனாதிபதி பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஒபாமா 58 சதவீதமும் பெற்றபோது, இருவருக்கும் சேர்த்து ஓட்டளித்தோர் நூற்றுக்குப் பத்தொன்பதுக்குக் குறையாது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கீழெல்லை பத்தொன்பதிலிருந்து நான்காகச் சுருங்கியது. தனித்து நின்ற வெற்றியிலும் தேய்வின் சுவடு தெளிவாகவே படிந்திருக்கிறது.

ஆகவே, எதிர்க்கட்சி மிதவாதிக்கு விழும் ஓட்டை வாக்காளரின் நடுநிலை மனோபாவத்துக்கு அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. நடுநிலையாளர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் ஓட்டு செனட்டில் ஒரு மனிதருக்கு மட்டும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கைதான் அற்றுப்போயிற்று. பதவிவாரிச் சீட்டு ஆளையும் கட்சியையும் பிரித்துப் பார்க்கும் உரிமையைத் தந்தது; கலப்புக் கட்சிகள் அந்த உரிமைக்கு அர்த்தம் தந்தன; கட்சிகள் தூய்மைப்பட்டுச் சபையின் பெரும்பான்மை ஓரிரு ஸ்தானங்களில் ஊசலாடத் தொடங்கியதும், சீட்டில் எஞ்சிய அந்த உரிமை செயலில் அருகிவிட்டது. மிதவாதிகளின் எதிர்காலம் அவர்களது மிதத்தைப் பொறுத்ததன்று. சபையின் தலைமையைத் தம் வெற்றி தீர்மானிக்காது என்று அயற்கட்சி வாக்காளரை நம்பவைக்கும் அவர்களது சாமர்த்தியத்தையே பொறுத்திருக்கிறது.