கைபேசியின் ஸ்டாக் ரிஜிஸ்டர்

நேரு வீதியில் ஒரு கடைக்குப் புது மேனேஜர் வந்தால் முதலில் கேட்பது ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான். எந்த ரேக்கில் எது என்று தெரியாமல் வியாபாரம் எப்படி நடக்கும்? ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலுக்கும் இதே நிலைமைதான். கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி சாதனம் "நான் இன்னார்" என்று தானே சொல்லிவிடும். கைபேசியின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் வாயே திறக்காது. தொடுதிரை எந்தக் கம்பியில், சார்ஜர் சிப் எந்த முகவரியில் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

முன்பு இதையெல்லாம் கெர்னலுக்குள்ளேயே சி மொழியில் எழுதினார்கள், போர்டுக்கு ஒரு கோப்பு என்று. 2001-ல் பெங்களூரில் அறிமுகமான நம்ம நாட்டு சிம்ப்யூட்டர் காலத்தில் ஏஆர்எம் கருவிகளுக்கு இதுதான் வழி. கருவிகள் பெருகின, கோப்புகளும் குவிந்தன. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து திட்டியே விட்டார்! (மனிதருக்கு அது புதிதல்ல.)

அதன்பின் ஏஆர்எம் ஆட்கள் 'டிவைஸ் ட்ரீ' பக்கம் வேகமாகத் திரும்பினார்கள். சரக்கு பழசுதான். சன் கம்பெனியின் ஓப்பன் ஃபர்ம்வேரில் பிறந்து, 1994-ல் ஐஇஇஇ 1275 என்ற தரமாகி, பிறகு பவர்பிசி லினக்ஸுக்கு வந்தது. வன்பொருள் விவரம் தனிக் கோப்பில் இருக்கும். பூட்லோடர் அதைக் கெர்னலிடம் நீட்டும். 2012 டிசம்பரில் வந்த 3.7 கெர்னலில், ஒரே கெர்னல் பல கம்பெனி ஏஆர்எம் சிப்களில் ஓட வழி பிறந்தது.

இதனால் யாருக்கு லாபம்? 2018 ஆகஸ்டில் டெல்லியில் வெளியான போகோ எஃப்1-ஐ எடுத்துக்கொள்வோம். கம்பெனியின் அப்டேட் ஆண்ட்ராய்டு 10-உடன் நின்றது. போன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கம்பெனியின் ரிஜிஸ்டர் அதன் சொந்த 4.9 கெர்னலுக்கு மட்டும் புரிகிற பாஷையில் இருந்தது. ஆர்வலர்களும் பொறியாளர்களும் பொதுவான லினக்ஸுக்குப் புரியும்படி அதைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். இன்று அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஓடுகிறது.

ஒரு வேடிக்கை. இந்த போனுக்கு மட்டும் இரண்டு கோப்புகள் உண்டு. ஒரே மாடலில் சிலவற்றுக்கு டியான்மா திரை, சிலவற்றுக்கு ஈபிபிஜி திரை. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கையில் இருப்பது எது என்று கண்டுபிடித்த பிறகே நிறுவ வேண்டும்.