சந்தையில் இல்லாத இசைத்தட்டு: ஜெயசாமராஜ உடையார் என்னும் ரசிகர்

ஆண்டு முடியும் தறுவாயில் இசை ரசிகர்கள் தமக்கு உவப்பான சுயாதீன இசைத்தொகுப்புகளைப் பட்டியலிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. வெளிவந்தவற்றுள் சிறந்ததைத் தெரிவு செய்வதே அப்பட்டியல்களின் எல்லை. தாம் விரும்பிய இசை தட்டில் கிடைக்கவில்லை என்று கண்டு, அதைப் பதிவுசெய்வித்தே தம் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட ரசிகர் ஒருவர் மைசூரில் வாழ்ந்தார். அவர் மைசூர் அரசின் கடைசி மன்னரான ஜெயசாமராஜ உடையார் (1919–1974). இசைத்தட்டு வரலாறு பெரும்பாலும் பாடியவர், வாசித்தவர், கம்பெனி என்ற வரிசையிலேயே எழுதப்படுகிறது. கேட்டவருக்கு அதில் இடம் தரப்படுவதில்லை. ஆனால் 1940களின் பிற்பகுதியில் லண்டனில் எவையெவை பதிவாயின என்பதை ஆராயப் புகுவோர் மைசூரில் இருந்த இந்தக் கேட்பவரைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

உடையார் இளமையில் மேலை இசையை முறையாகப் பயின்றவர். பியானோக் கலைஞராக வேண்டும் என்ற விருப்பமும் அவருக்கு இருந்தது. 1940ஆம் ஆண்டு தந்தையும், ஆட்சியிலிருந்த பெரிய தந்தை நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் அடுத்தடுத்து மறைய, இருபத்தொரு வயதில் அரியணை வந்து சேர்ந்தது. மேடை கைவிட்டுப் போயிற்று, இசைத்தட்டு எஞ்சியது. அவருடைய சேகரிப்பில் ஏறத்தாழ 20,000 தட்டுகள் இருந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது.

அச்சேகரிப்பில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பிய இசை, ருஷ்ய இசையமைப்பாளர் நிகொலாய் மெட்னருடையது. ரக்மானினோவின் நண்பரான மெட்னர் 1930களின் நடுவில் லண்டனில் குடியேறியவர். போர்க்காலத்தில் ஜெர்மானியப் பதிப்பாளரிடமிருந்து வந்த வருவாய் நின்றது, மாணவர்களும் குறைந்தனர், உடல்நலமும் குன்றியது. அவருடைய இசைக்குப் பெரிய சந்தை எதுவும் இல்லை. மைசூரிலிருந்து வந்த பணத்தில் மெட்னர் சொசைட்டி தோன்றியது. எச்.எம்.வி. நிறுவனம் 1947இல் மெட்னரின் மூன்று பியானோ கன்செர்ட்டோக்களையும் அவரே வாசிக்க, ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் பதிவுசெய்தது. மூன்றாம் கன்செர்ட்டோவை அவர் மைசூர் மன்னருக்கே காணிக்கையாக்கினார். 1950இல் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பாட, மெட்னர் பியானோ வாசித்த பாடல்களும் பதிவாயின. மறு ஆண்டு நவம்பரில் மெட்னர் காலமானார். அவருடைய கன்செர்ட்டோக்களை அவர் கையாலேயே வாசித்துக் கேட்கும் வாய்ப்பு இன்று நமக்கு இருப்பது அந்தச் சில ஆண்டுகளின் அவசரத்தால்தான்.

இதில் சொசைட்டி என்ற வடிவம் கவனிக்கத்தக்கது. விற்பனைக்கு உறுதியில்லாத இசையைச் சந்தாதாரர்களின் முன்பணத்தில் பதிவுசெய்யும் முறை அது. 1931இல் ஹ்யூகோ வுல்ஃப் பாடல்களுக்காக 500 சந்தாதாரர்களைத் திரட்டி அதை நடத்திக் காட்டியவர் எச்.எம்.வி.யைச் சேர்ந்த வால்ட்டர் லெக். வுல்ஃபுக்கு ஐந்நூறு பேர் கூடிச் செய்ததை மெட்னருக்கு ஒருவரே செய்தார். பிற்காலத்தில் ஃபில்ஹார்மோனியாவைத் தோற்றுவித்த அதே லெக் 1949இல் மைசூருக்கு வந்தார். ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவி பெற்றுத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் காராயன் நடத்த, பாலாகிரெவின் முதல் சிம்பொனியும் ரூஸலின் நான்காம் சிம்பொனியும் பதிவாயின. இரண்டும் அன்றைய விற்பனைக் கணக்குக்கு ஒத்துவராத தெரிவுகள். காராயன் என்ற பெயரோடு இன்று நினைவுக்கு வரும் பேதோவனையும் பிராம்ஸையும் விட இவை மைசூரின் செவியைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பணத்தின் கேள்வியை இங்கே தள்ளிவிட முடியாது. மெட்னரின் கன்செர்ட்டோக்கள் பதிவான அதே 1947இல் மைசூர்ச் சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கோரி ‘மைசூர் சலோ’ போராட்டம் நடந்தது. செப்டம்பரில் தொடங்கிய கிளர்ச்சி, அக்டோபரில் கே.சி. ரெட்டியின் அமைச்சரவை பதவியேற்ற பின்னரே ஓய்ந்தது. இணைப்புக்குப் பின் மன்னருக்கு வகுக்கப்பட்ட மானியம் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். லெக்குக்கு அளித்த 10,000 பவுன் அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 1,33,000 ரூபாய். அதாவது மானியத்தில் இருபதில் ஒரு பங்கு. மன்னரின் நுண்ரசனையை மட்டும் புகழும் எழுத்துகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. மன்னராட்சியின் ஊதாரித்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் தட்டுகளைக் கேட்பதில்லை. வரலாற்றாசிரியருக்கு இரண்டும் வேண்டும்.

மேலை இசை மோகம் அவரைக் கர்நாடக இசையிலிருந்து விலக்கியது என்ற எண்ணத்துக்கும் சான்று இல்லை. ‘ஸ்ரீவித்யா’ முத்திரையுடன் அவர் சமஸ்கிருதத்தில் இயற்றிய 94 கீர்த்தனைகள் அதே பதிற்றாண்டில் உருப்பெறத் தொடங்கியவை. அரிய ராகங்களில் அவர் காட்டிய நாட்டமும், மெட்னர், ரூஸல் போன்ற அதிகம் அறியப்படாதவர்களிடம் காட்டிய நாட்டமும் ஒரே செவியின் இயல்பாகத் தோன்றுகின்றன.

அவருடைய தெரிவுகளில் மிகவும் அந்தரங்கமானது 1950இல் அமைந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தம் இறுதிப் பாடல்களை கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் முதன்முதலாகப் பாட வேண்டும் என்று விரும்பி, 1949 செப்டம்பரில் மறைந்தார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஃபுர்ட்வெங்லர் நடத்த, ஃபில்ஹார்மோனியா துணையுடன் அவ்வம்மையார் ‘நான்கு இறுதிப் பாடல்க’ளைப் பாடினார். நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் ஈட்டுத்தொகை அளித்தவர் உடையார். அந்த இசையைப் பதிவுசெய்து மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. விற்பனைக்காக அன்றி, ஒருவர் கேட்பதற்காக அசிட்டேட் தட்டுகளில் அது பதிவாயிற்று. நெடுந்தட்டாக மாற்றப்படுமுன்பே அவை பெரிதும் தேய்ந்துவிட்டன. 2007இலும் 2014இலும் கணினி வழியே சீரமைக்கப்பட்ட வடிவங்கள் வந்துள்ளன. அவற்றிலும் ஃபிளாக்ஸ்டாடின் குரல் ஊசியின் இரைச்சலினூடாகவே வந்து சேர்கிறது.