அநாதை இல்லத்தின் வெளிவாசல்

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தபின் சென்னை மாகாணத்தைச் சூழ்ந்த பெரும்பஞ்சம், தாது வருடப் பஞ்சம் என்ற பெயரில் தமிழர் நினைவில் இன்றும் நிற்கிறது. அப்போது சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதியும் அதே மாவட்டத்தைச் சேர்ந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் அரசின் நிவாரண முகாம்களிலும் மிஷனரிகளின் வளாகங்களிலும் அடைக்கலம் புகுந்தனர். லண்டனில் திரட்டப்பட்ட மேன்ஷன் ஹவுஸ் நிதியின் ஒரு பகுதி அவர்களுடைய பராமரிப்புக்குச் செலவிடப்பட்டது. அநாதை இல்லங்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது: யார் தொடங்கினார், யார் பணம் கொடுத்தார், எத்தனை குழந்தைகள் உள்ளே வந்தனர். அக்குழந்தைகள் வளர்ந்தபின் எந்த வாசல் வழியாக, எதை நம்பி வெளியே போனார்கள் என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது.

இக்கேள்விக்குள் நுழைய இரண்டு சொற்கள் உதவும். 'அநாதை' வடமொழியின் 'நாத' என்ற சொல்லிலிருந்து வந்தது. காப்பவன், தலைவன், உடையவன் என்பன அதன் பொருள்கள். ஆகவே அநாதை என்பவர் உடையவன் இல்லாதவர். தமிழ் விவிலியம் இதே மனிதரைத் 'திக்கற்ற பிள்ளை' என்று அழைக்கிறது. செல்வதற்குத் திசையும் சாய்வதற்குப் புகலிடமும் இல்லாதவர் என்பது அதன் பொருள். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர் வட்டாரத்தில் இச்சொல்லுக்கு இரு மொழியிலும் வேர் உண்டு. 'திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை' என்று தமிழர் சொல்வதைத் தெலுங்கர் 'திக்குலேனிவாடிகி தேவுடே திக்கு' என்பர். முதற்சொல் குறையை ஓர் ஆளின் இன்மையாகக் காண்கிறது. இரண்டாம் சொல் வழியின் இன்மையாகக் காண்கிறது. இல்லங்களை நடத்தியோர் நெடுங்காலம் முதற்சொல்லின் வழியிலேயே விடை தேடினர். உடையவன் இல்லாதவருக்கு ஓர் உடையவனைத் தேடித் தருவதே அவ்விடை.

சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இராணுவ ஆண்கள் அநாதை விடுதி இதற்கு முற்பட்ட சான்று. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக அமைந்த விடுதி அது. அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார் இந்தியப் பெண்கள். அதன் கண்காணிப்பாளராக இருந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தார். 1797ஆம் ஆண்டு லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் அது 'சென்னை முறை' என்று பெயர்பெற்றது. கல்வி வரலாற்றில் இச்செய்தி பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அவ்விடுதியின் வெளிவாசல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1794ஆம் ஆண்டு வானியலாளர் மைக்கேல் டாப்பிங் நில அளவைப் பள்ளியைத் தொடங்கியபோது, அவ்விடுதிச் சிறுவர்களே பயிற்சியாளராக அதில் சேர்க்கப்பட்டனர். அப்பள்ளியே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டில், பிணையாக இருந்த திப்பு சுல்தானின் புதல்வர்களைத் திருப்பி அனுப்பிய தூதுக்குழுவுடன் வில்லியம் ஸ்மித் என்ற விடுதி இளைஞரும் சென்று, திப்புவின் முன் அறிவியல் சோதனைகளைச் செய்துகாட்டினார்.

இவை உண்மையான சாதனைகள். எனினும் இச்சிறுவர்கள் தாமே தேர்ந்து நில அளவையாளர் ஆனவர் அல்லர். கம்பெனிக்குக் குறைந்த ஊதியத்தில் அளவையாளர் தேவைப்பட்டனர். விடுதிக்கு வளர்ந்த பிள்ளைகளை அனுப்ப ஓர் இடம் தேவைப்பட்டது. இரு தேவைகளும் சந்தித்த புள்ளியில் அவர்களுடைய வாழ்க்கை தீர்மானிக்கப்பட்டது.

1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டமாக்கியது. பொது அறத்தால் வளர்க்கப்படும் அநாதைகளும் ஏழைக் குழந்தைகளும் முழுவயது அடைந்தபின் பிழைப்பதற்கு உதவும் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் முகவுரை கூறும் நோக்கம். பத்து வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏழாண்டுகளுக்கு மிகாமல் ஒரு தொழில்முதலாளியிடம் ஒப்பந்தம் மூலம் பிணைக்கலாம். நடுவர் நீதிபதியோ விடுதியின் நிர்வாகியோ காப்பாளர் நிலையில் கையெழுத்திடலாம். அப்பிணைப்பு இருபத்தொரு வயதைத் தாண்டக்கூடாது. பெண்ணாயின் திருமணத்தோடு முடிந்துவிடும். ஆணுக்கு எல்லை வயது. பெண்ணுக்கு வயதோடு கணவனும் எல்லை. அவளுடைய வெளிவாசல் இன்னொரு வீட்டின் உள்வாசல் என்பதைச் சட்டமே எழுதிவைத்தது.

சித்தூரிலும் இதே பிரிவினையைக் காணலாம். ஸ்கடர் சகோதரர்கள் 1853ஆம் ஆண்டு அமைத்த ஆர்க்காடு மிஷன், தமிழிலும் தெலுங்கிலும் பணியாற்றிய அமெரிக்க மிஷன். சித்தூர் அதன் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. அங்கே அது நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று, மிஷனின் உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் படித்த மனைவியரை உருவாக்குவது. ஆண்பிள்ளைகளுக்கு உபதேசியார் வேலையும் ஆசிரியர் வேலையும் இருந்தன. தச்சும் கொல்லும் கற்பிக்கும் தொழிற்பள்ளியும் பின்னர் வந்தது. இவ்வேற்பாட்டில் வளர்ந்தவர் பட்டினி கிடக்கவில்லை, எழுத்தறிவு பெற்றனர், பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கினர். ஆனால் வேலை கொடுத்தவரும், திருமணத்தை முடித்துவைத்தவரும், குடியிருக்க வீடு தந்தவரும் ஒருவரே. மிஷனோடு முரண்பட்டவர் இம்மூன்றையும் ஒருங்கே இழக்க நேர்ந்தது.

பெண்களுக்குக் கணவனைச் சாராத வாசல் திறந்தது அதே ஸ்கடர் குடும்பத்தின் வழியாகத்தான் என்பது வரலாற்றின் விந்தை. தாது வருடப் பஞ்சத்தின்போது பசித்த குழந்தைகளுக்குத் தன் கையால் ரொட்டி ஊட்டிய சிறுமி ஐடா ஸ்கடர், பின்னாளில் வேலூரில் 1909ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சியையும் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். ஆதரவற்ற பெண்ணுக்குச் செவிலியர் பயிற்சி என்பது தொழில் மட்டுமன்று. தங்குமிடம், உதவித்தொகை, எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லக்கூடிய சான்றிதழ் ஆகியவையும் அதில் அடங்கும்.

பஞ்சக் குழந்தைகளுக்கு உடையவர் யார் என்ற வழக்கும் இதே காலத்தில் எழுந்தது. மிஷனரிகள் குழந்தைகளை மதம் மாற்றுகின்றனர் என்ற குற்றச்சாட்டை முன்வைத்து லாலா லஜபதி ராய் இந்து அநாதைகளுக்கான இயக்கத்தை நடத்தினார். 1901ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவின் முன் சாட்சியும் அளித்தார். திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் பாலமந்திர் என்ற பெயரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்துகிறது. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. போட்டியால் குழந்தைகளுக்கு இல்லங்கள் பெருகின என்பதும் உண்மை. ஆயினும் அவ்வழக்கு முழுவதும் குழந்தை யாருக்கு உரியது என்பது பற்றியதே. வளர்ந்தபின் அது தனக்கே உரியது என்று வாதிட அங்கே எவரும் இல்லை.

வெளிவாசலே வேண்டாம் என்று கருதிய முயற்சியும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் எமி கார்மைக்கேல் வளர்த்த சமூகத்தில் இந்தியப் பெண் ஊழியர் 'அக்காள்' எனவும், ஐரோப்பியப் பெண் ஊழியர் 'சித்தி' எனவும், ஆண் ஊழியர் 'அண்ணாச்சி' எனவும் அழைக்கப்பட்டனர். எமி எல்லாருக்கும் 'அம்மா'. வளர்ந்த பெண்கள் பலர் அங்கேயே அக்காள்களாகத் தொடர்ந்தனர். கண்காணிப்பாளர், நிர்வாகி என்ற பதவிப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் உறவுப் பெயர்கள் அமர்ந்தன. பதவிக்குக் காலவரம்பு உண்டு, உறவுக்கு இல்லை. திருமணம் ஆகிப் போன மகளும் பண்டிகைக்குத் தாய்வீடு வரலாம். இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞர் இழப்பது சோற்றையும் கூரையையும் விட இந்தத் திரும்பிவரும் உரிமையைத்தான்.

இன்று சித்தூரும், 2022ஆம் ஆண்டு தனி மாவட்டமான திருப்பதியும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அச்சட்டம் பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டுச் செல்வோரின் பிற்பராமரிப்பை 21 வயது வரை கருதுகிறது. சிறப்புச் சூழலில் 23 வரை நீட்டிக்க மாதிரி விதிகள் இடமளிக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டம் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வகுத்துள்ளது. ஆனால் சட்டத்தின் 46ஆம் பிரிவு, நிதியுதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. 'வழங்கப்பட வேண்டும்' என்று கூறவில்லை. தமிழில் 'லாம்' என்ற ஈற்றுக்கும் 'வேண்டும்' என்ற சொல்லுக்கும் உள்ள தொலைவு சிறிது. பதினெட்டாம் பிறந்தநாளன்று பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு அத்தொலைவு மிகப் பெரிது.

இவ்விடைவெளியைத் தம் பணிக்களமாகக் கொள்ளும் கிறித்தவ ஊழியங்கள் உண்டு. சில இளைஞர் சேர்ந்து வாழும் வாடகை வீடு, கல்லூரிக் கட்டணம், வங்கிக் கணக்கு, சமையல், முதல் வேலை வரை உடன்வரும் ஒரு மூத்தவர் என அவற்றின் உதவி சிறியதும் அன்றாடத் தன்மை உடையதும் ஆகும். தந்தை பெயரும் சொந்த ஊரும் கேட்கும் விண்ணப்பப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் ஒருவருக்கு இதைவிடத் தேவையானது வேறில்லை. எனினும் இருநூறு ஆண்டு வரலாறு அவ்வூழியங்களின் முன் ஒரு சோதனையை வைக்கிறது. அந்த இளைஞர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டால், ஊழியம் விரும்பாத ஒருவரை மணந்தால், காட்டிய வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனால், அந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்குமா?

திறக்குமாயின் அவருக்குக் கிடைத்தது ஒரு திக்கு. திறக்காதாயின் அவருக்குக் கிடைத்தது இன்னுமொரு நாதன்.