மும்பைத் தமிழர் அமைப்புகள்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

மும்பைத் தமிழர் அமைப்புகள் என இங்கே குறிக்கப்படுபவை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அந்நகரில் குடியேறிய தமிழர்கள் தங்களுக்காக ஏற்படுத்திக்கொண்ட சபைகள், சங்கங்கள், பள்ளிகள், கோயில் சமாஜங்கள், ஊர்க் கூட்டங்கள் முதலியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் மும்பையிலும் அதைச் சுற்றியும் வாழ்பவர்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், கரீபியன் தீவு நாடான பார்படோஸின் மொத்த மக்கள்தொகையே 3 லட்சத்துக்குக் குறைவு. ஆயினும் அதற்கு வாஷிங்டனிலும் லண்டனிலும் தூதரகங்கள் உள்ளன. வெளியூர் போன பார்படோஸ்காரர் பாஸ்போர்ட் தொலைந்தாலும், சான்றிதழ் வேண்டுமென்றாலும், கூட இருந்தவர் இறந்துவிட்டாலும் போய் நிற்க ஓர் இடம் உண்டு. சொந்த நாட்டுக்குள்ளேயே வேறொரு மாநிலத்துக்குப் போன தமிழருக்கு அப்படி ஓர் இடத்தை யாரும் அமைத்துத் தரவில்லை. ஒரு தூதரகம் செய்யக்கூடிய வேலைகளை அவர்கள் தாமே பங்குபோட்டுச் செய்துகொண்டார்கள். அந்தப் பங்கீடு சாதியையும் சம்பளத்தையும் குடியிருந்த பேட்டையையும் ஒட்டி நடந்தது. இந்த வரலாற்றின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன.

வருகை

1871-இல் பம்பாயிலிருந்து தென்கிழக்காக வந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்பாதையும் சென்னையிலிருந்து வடமேற்காகப் போன மெட்ராஸ் ரயில்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதே காலத்தில் கயானா, மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களைக் கவனிக்க, பெயருக்கேனும், குடிபெயர்வோர் காப்பாளர் என்று ஓர் அரசு அதிகாரி இருந்தார். பம்பாய்க்கு ரயிலேறியவர்களைக் கவனிக்க அப்படியும் ஒருவர் இல்லை.

வந்தவர்கள் இரு வகையினர். ஒருபுறம் திருநெல்வேலிச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த ஆதிதிராவிடர், நாடார், முஸ்லிம் குடும்பங்கள். தாராவிச் சதுப்பின் ஓரத்தில் தோல் பதனிடும் தொழில் இவர்களுக்குச் சோறு போட்டது. மறுபுறம் தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பகுதிகளிலிருந்து ஆங்கிலப் படிப்பும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுவந்த இளைஞர்கள், பெரும்பாலும் பிராமணர்கள். ரயில்வே அலுவலகங்களும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அவர்களை எடுத்துக்கொண்டன. இரு தரப்பாரும் குடியேறிய இடங்களுக்கிடையே நடந்தே போகும் தூரம்தான். ஆனால் அவர்கள் தொடங்கிய அமைப்புகள் ஒன்றையொன்று அதிகம் தெரிந்துகொள்ளவில்லை.

மாட்டுங்கா

1896-இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனைகள் பிரித்துச் சாலைகள் போட்டது. அங்கே எழுந்த அடுக்குமாடி வீடுகளில் 1920-கள் முதல் தென்னிந்திய குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். சமையலறையும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே இருந்தது ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்குத் தோதாக இருந்தது. மாட்டுங்காவின் இந்த வளர்ச்சியை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் நிகில் ராவ், ஊரில் வெவ்வேறு உட்பிரிவினராகவும் மொழியினராகவும் இருந்தவர்கள் இந்தக் கட்டடங்களில்தான் ‘தென்னிந்தியர்’ என்ற ஒரே கூட்டமாக உருவானார்கள் என்று காட்டுகிறார்.

அமைப்புகளும் அந்தப் பெயரிலேயே தோன்றின. 1932-இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விக் கழகத்தை நிறுவினார். இன்று எல்லோரும் எஸ்.ஐ.இ.எஸ். என்று அறிவது இதுதான். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கான சிறு பள்ளியாகத் தொடங்கி, 1960-இல் சயானில் கல்லூரி திறக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கம் தனியே பள்ளி நடத்தியது. ஆஸ்திக சமாஜமும் பஜன சமாஜமும் சங்கர மடமும் வழிபாட்டையும் சடங்கையும் பார்த்துக்கொண்டன. கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் சாஸ்திரிகளைத் தேடி ஊருக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை அதோடு தீர்ந்தது.

வேலை தேடி வந்த பிரம்மச்சாரிகளுக்கு முதல் புகலிடம் பெரும்பாலும் மெஸ்தான். பாலக்காட்டு மணி ஐயர் 1937-இல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோமும், 1942-இல் வந்த ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கும் சாப்பாடு போட்டதோடு நிற்கவில்லை. எந்த ஆபீசில் இடம் காலி, எந்தக் கட்டடத்தில் அறை வாடகைக்கு என்ற செய்திகள் இலை போட்ட பந்தியில்தான் கைமாறின. சங்கங்களின் ஆண்டறிக்கைகளைவிட இந்தப் பந்திகள் அதிகம் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கும் என்று தோன்றுகிறது.

மாட்டுங்காத் தமிழர் செல்வாக்கின் உச்சம் ஷண்முகானந்தா. 1952-இல் சபா தொடங்கியது. 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே அரங்கம் திறக்கப்பட்டது. 1990-இல் தீ விபத்தில் அரங்கம் அழிந்தது. எட்டாண்டு உழைப்புக்குப் பின் 1998-இல் மீண்டும் எழுந்தது. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அது நாட்டின் பெரிய கலையரங்குகளில் ஒன்று. கர்நாடக இசைக்காகக் கட்டிய மேடையில் இந்துஸ்தானி மேதைகளும் குஜராத்தி நாடகக்காரர்களும் ஏறினார்கள். தூதரகங்கள் செலவழித்துச் செய்யும் பண்பாட்டுப் பணியை ஒரு சபா டிக்கெட் விற்றே செய்துகாட்டியது.

தாராவி

தாராவியின் காலவரிசையைக் கட்டடங்கள் சொல்கின்றன. பெரிய மசூதி 1887-ஐச் சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆதிதிராவிடர் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913-ஐச் சேர்ந்தது. முதல் தமிழ்ப் பள்ளி 1924-இல் வந்தது. மாட்டுங்காவில் எஸ்.ஐ.இ.எஸ். தொடங்குவதற்கு எட்டாண்டு முன்பே, தோல் தொட்டிகளுக்கு நடுவே, கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி இருந்திருக்கிறது. மும்பைத் தமிழர் கல்வியின் கதையை மாட்டுங்காவிலிருந்து தொடங்குவோர் இந்த ஆண்டைக் கவனிப்பதில்லை.

இங்கே அடிப்படை அலகு சபை அல்ல, ஊர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனிச் சந்துகளில் சேர்ந்து குடியிருந்தார்கள். ஊர்க் கூட்டம் வரி பிரித்தது. ஊர்க் கோயில் கொடைக்குப் பணம் அனுப்பியது. குடும்பச் சண்டைகளைத் தீர்த்தது. சாவு விழுந்தால் செலவை ஏற்றது. அதற்கு மேலே சாதிச் சங்கங்கள் நின்றன. தென்னிந்திய ஆதிதிராவிட மகாஜன சங்கம் அவற்றில் முக்கியமானது. நாடார் சமூகத்தார் 90 அடி சாலையில் காமராஜர் பெயரில் உயர்நிலைப் பள்ளி நடத்தினார்கள். அரசியலும் இதே சந்துகளில் வளர்ந்தது. அம்பேத்கர் வாழ்ந்த நகரம் இது. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். நீலக்கொடியும் கறுப்புச் சட்டையும் பின்னர் கறுப்பு-சிவப்புக் கொடியும் தாராவியில் அக்கம்பக்கமாக இருந்தன. தி.மு.க.வின் மும்பைக் கிளை இன்றும் இயங்குகிறது.

1960-களில் காங்கிரஸ்காரரும் சமூகப் பணியாளருமான எம்.வி. துரைசாமியின் முயற்சியில் தாராவி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அமைந்தது. 338 வீடுகளும் 97 கடைகளும் கொண்ட டாக்டர் பாலிகா நகர் அதன் பயன். குடிசைப் பகுதியில் குடியிருப்போரே கூட்டுறவு முறையில் வீடு கட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு அது பழைய சான்று. பின்னாளில் வந்த மறுசீரமைப்புத் திட்டங்களின் அளவுக்கு இதைப்பற்றி யாரும் பேசியதில்லை.

பேசப்பட்டவர் வரதராஜ முதலியார். விக்டோரியா டெர்மினஸ் (வி.டி.) ரயில் நிலையத்தில் சுமைதூக்கத் தொடங்கிக் கள்ளச்சாராயத்தில் வளர்ந்த அவரிடம் வேலை, வாடகை, தகராறு என்று மக்கள் முறையிடப் போனது உண்மை. மாட்டுங்கா ரயில் நிலையம் அருகே அவர் போட்ட விநாயகர் பந்தல் ஊரெல்லாம் பேசப்பட்டது. 1980-களில் காவல்துறை நெருக்கியதும் சென்னைக்குப் போய், 1988 தொடக்கத்தில் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படம் அவரைத் தமிழ்நாட்டின் நினைவில் நிரந்தரமாக்கிவிட்டது. அரசு அலுவலகமும் காவல் நிலையமும் ஏழையின் பேச்சைக் கேட்காத இடத்தில்தான் இப்படியொருவர் தேவைப்பட்டார். அதே சமயம் பள்ளியும் வீடும் கட்டியவர்களைச் சினிமா திரும்பிப் பார்க்கவில்லை.

1966-க்குப் பின்

1960-இல் தொடங்கிய ‘மார்மிக்’ இதழில் பால் தாக்கரே, பம்பாய் நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வந்தார். 1966 ஜூன் 19-இல் அவர் தலைமையில் சிவசேனா பிறந்தது. லுங்கியைக் கேலி செய்த முழக்கங்கள் தெருவுக்கு வந்தன. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. இந்த நேரத்தில்தான் ஒரு தூதரகம் இல்லாத குறை நன்றாகத் தெரிந்தது. வெளிநாட்டில் தம் குடிமக்கள் தாக்கப்பட்டால் ஒரு சிறு நாட்டின் தூதர்கூட வெளியுறவு அமைச்சகத்தின் படியேறலாம். இங்கே தாக்கப்பட்டவர்கள் வெளிநாட்டவர் அல்லர் என்பதே அவர்களுக்கு எதிராகிவிட்டது. 1967-இல் சென்னையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தும், பம்பாயில் நேரடியாகத் தலையிட அதற்கு வழியில்லை.

மாட்டுங்காவின் அமைப்புகள் சத்தம் போடாமல் நடந்துகொண்டன. மராத்தி கற்பித்தன. பள்ளி, கல்லூரிகளை எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்துவைத்தன. அடுத்த தலைமுறை முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்று நகர்ந்தது. தாராவிக்காரருக்கு நகர்ந்துபோக இடம் இல்லை. அவர்கள் அங்கேயே மராத்திக்காரர்களோடு குழாயடியையும் வாக்குச்சாவடியையும் பகிர்ந்து ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்.

செம்பூர், சீதா கேம்ப்

1950-களின் நடுவில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆய்வு மையமும் வந்தன. 1960-களில் உர ஆலை சேர்ந்தது. பொறியாளர்களும் விஞ்ஞானிகளுமாக வந்த தமிழர்களால் செம்பூர் இரண்டாவது மாட்டுங்கா ஆனது. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் சிவசுவாமி அரங்கு, அஹோபில மடம், செட்டா நகர் முருகன் கோயில் எல்லாம் அந்த வளர்ச்சியில் வந்தவை.

அதே ஆய்வு மையத்தின் மதிலையொட்டி ஜனதா காலனி இருந்தது. தமிழர் பெருமளவில் வாழ்ந்த அந்தக் குடியிருப்பைக் காலிசெய்யச் சொன்னார்கள். எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-இல் தச்சு வேலைக்காகப் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம். குப்பை அள்ள மாநகராட்சி வராதபோது, சிறுவர்களைக் கூட்டி அந்தக் குப்பையை மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டச் செய்தவர். வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். பிரதமரைப் பார்க்கத் தில்லியில் நாடாளுமன்றத்துக்கு வெளியே காத்துக்கிடந்தார். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீதா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

அற்புதம் அங்கே நிற்கவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார். பிறகு பல நாட்டுக் குடிசைவாசிகளை இணைத்த சர்வதேச அமைப்பின் தலைவரானார். 2000-இல் மக்சேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் வந்தன. 2018-இல் காலமானார். மாட்டுங்காவும் செம்பூரும் தங்களவர்களுக்காக மட்டும் பேசின. தாராவி ஊருக்கு ஊர் பேசியது. மொழியையும் சாதியையும் தாண்டி, இருப்பிடம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மும்பைத் தமிழர் கட்டிய அமைப்பு இது ஒன்றுதான் உலகம் வரை போனது.

சான்றிதழும் அரசும்

குடிபெயர்ந்த தலித் குடும்பங்களுக்குப் பெரிய இடி சாதிச் சான்றிதழில் விழுந்தது. பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்படுபவை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்துக்கு வந்தவர்களின் சான்றிதழ்களுக்காகவே ஒரு நடவடிக்கைக் குழு தொடுத்த வழக்கில், 1994-இல் அதையே உறுதிசெய்தது. தாராவியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஊரில் இட ஒதுக்கீட்டுக்கு உரியவன், படிக்கும் நகரத்தில் உரியவன் அல்லன். இதைச் சங்கங்களால் மனு எழுதித் தீர்க்க முடியவில்லை.

தமிழ்நாடு அரசு தாமதமாகத்தான் நுழைந்தது. கேரளம் 1996-லேயே வெளியே வாழும் மலையாளிகளுக்காக நோர்க்கா என்ற துறையை அமைத்தது. நவி மும்பையின் வாஷியில் அதற்குக் கேரள இல்லமும் உண்டு. தமிழ்நாட்டில் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011-இல் வந்தது. 2021-இல்தான் அது வேகமெடுத்து, ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாக அறிவிக்கப்பட்டது. வெளிமாநிலத் தமிழர்களும் அந்தச் சட்டத்தின் நல வாரிய வரம்புக்குள் வந்தார்கள்.

இடையில் 2020 வந்தது. ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மே மாதம் ஆயிரக்கணக்கானோர் திருநெல்வேலி, தூத்துக்குடி நோக்கிப் புறப்பட்டார்கள். மாவட்ட எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர் என்றாலே தனிமுகாம். தென்மாவட்டங்களின் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் அவர்கள் தனிக் கணக்காகப் பதிவானார்கள்.

தாராவி மறுசீரமைப்பை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் பெற்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்ததாக நிரூபிப்பவருக்கு 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், மின் கட்டண ரசீது என்று தாள்களைத் தேடும் வேலைதான் இப்போது ஒவ்வொரு சந்திலும் நடக்கிறது.