திக்குவாய் அரசனும் சைரீன் நகரமும்

லிபியாவின் வடகிழக்கில், ஷஹாத் என்ற ஊரை ஒட்டி ஒரு பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அப்பல்லோ கோயில், அதைவிடப் பெரிய ஜீயஸ் கோயில், மலைச்சரிவு முழுக்கக் கல்லறைகள்... இதுதான் சைரீன். ஏறக்குறைய கி.மு. 631-ல் ஏஜியன் கடலிலுள்ள தீரா தீவிலிருந்து (இன்றைய சாண்டோரினிதான்!) வந்த கிரேக்கர்கள் உருவாக்கிய நகரம்.

அந்தக் காலத்தில் கிரேக்கர்கள் கருங்கடல் முதல் ஸ்பெயின் வரை கடலோரம் எங்கும் குடியேறினார்கள். அந்த ஊர்கள் பலவற்றுக்கும் ஒரு தோற்றக் கதை உண்டு. டெல்ஃபி கோயிலில் குறி கேட்பார்கள், அப்பல்லோ வழி காட்டுவார், ஒரு தலைவர் கப்பலேறுவார். சைரீனுக்கும் அப்படித்தான். ஆனால் ஹெரோடோட்டஸ் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். தீராக்காரர்கள் சொன்னதையும் சைரீன்காரர்கள் சொன்னதையும் கலக்காமல் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டார்.

தீராக்காரர்கள் கதையில், அவர்களுடைய அரசர் கிரின்னஸ் வேறு விஷயத்துக்காகக் குறி கேட்கப் போகிறார். லிபியாவில் நகரம் அமை என்று பதில் வருகிறது. "எனக்கு வயதாகிவிட்டது, இந்த இளைஞனை அனுப்புங்கள்" என்று அவர் பாட்டஸைக் கைகாட்டிவிடுகிறார். லிபியா எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாததால் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் ஏழு வருடம் மழை இல்லை. தீவில் ஒரே ஒரு மரம் தவிர மற்றதெல்லாம் பட்டுப்போகிறது. வேறு வழியில்லாமல் சகோதரர்களில் ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, இரண்டு கப்பல்களில் அனுப்புகிறார்கள்.

சைரீன்காரர்கள் கதை சினிமா மாதிரி இருக்கும். கிரீட் தீவில் மாற்றாந்தாய் கொடுமைக்கு ஆளான ஓர் இளவரசி. அவளைக் கடலில் வீசச் சொல்லி ஒரு வணிகரிடம் சத்தியம் வாங்கிவிடுகிறான் தகப்பன். வணிகர் அவளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, மறுபடி தூக்கிவிடுகிறார். சத்தியமும் காப்பாற்றப்பட்டது, பெண்ணும் பிழைத்தாள்! தீராவுக்கு வந்த அவளுக்குப் பிறந்த திக்குவாய்ப் பிள்ளைதான் பாட்டஸ். குரல் சரியாகுமா என்று கேட்கப் போனவனிடம், லிபியாவுக்குப் போ என்கிறது டெல்ஃபி.

இந்தக் கதையில்தான் முக்கியமான ஒன்று வருகிறது. போனவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தீராவுக்கே திரும்பி வருகிறார்கள். சொந்த ஊர் ஜனங்கள் கரையில் நின்று அவர்களை அடித்து விரட்டுகிறார்கள். அரசனும் ஆணையும் தெய்வமும் எல்லாம் இருந்தாலும், அடியில் இருப்பது சோற்றுக்கு வழியில்லாத ஒரு தீவு, தன் பிள்ளைகளில் பாதியை வெளியே தள்ளிய கதைதான்.

பிறகு பிளாட்டியா என்ற தீவில் இரண்டு வருடம், அசிரிஸில் ஆறு வருடம். கடைசியில் லிபிய மக்களே அவர்களை அழைத்துப் போய் ஓர் ஊற்றருகே விட்டு, "இங்கே வானத்தில் ஓட்டை இருக்கிறது" என்றார்களாம், அதாவது நன்றாக மழை பெய்யுமாம். வழியிலிருந்த இராசா என்ற மிக நல்ல இடம் கண்ணில் படாதபடி இரவில் நடத்திக் கூட்டிப் போனார்கள் என்பதையும் ஹெரோடோட்டஸ் விடவில்லை.

அந்த முன்யோசனை வீண் போனது. இரண்டாம் பாட்டஸ் காலத்தில் நிலம் பங்கு தருகிறோம் என்று கிரேக்க நாடெங்கும் ஆள் கூப்பிட்டார்கள். நிலத்தை இழந்த லிபியர்கள் எகிப்திய மன்னர் ஏப்ரீஸிடம் முறையிட்டார்கள். அவர் அனுப்பிய படை ஏறக்குறைய கி.மு. 570-ல் அதே இராசாவில் படுதோல்வி அடைந்தது. ஏப்ரீஸின் பதவியும் போனது. சைரீனுக்கோ செல்வம் பெருகியது. பெருங்காயத்துக்கு உறவான சில்ஃபியம் என்ற செடியின் ஏற்றுமதிதான் முக்கிய வருமானம். அதன் உருவத்தை நாணயத்திலேயே பொறித்தார்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. கி.மு. 4-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, குடியேறியவர்கள் அன்று எடுத்த உறுதிமொழி என்று ஒன்றைத் தருகிறது. போக மறுத்தால் மரண தண்டனை, சொத்து பறிமுதல். மெழுகுப் பொம்மைகளை எரித்து, மீறுபவன் இப்படியே உருகிப் போகட்டும் என்று சபித்தார்களாம். ஐந்து வருடம் கஷ்டப்பட்டும் ஊர் நிலைக்காவிட்டால் திரும்பி வரலாம் என்றும் இருக்கிறது. இந்த வாசகம் உண்மையிலேயே பழையதா, பிற்காலத்தில் எழுதியதா என்று ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை.

ஆனால் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதில் குழப்பமில்லை. சைரீனில் வாழ்ந்த தீராக்காரர்கள், அந்தப் பழைய உறுதிமொழியைக் காட்டித் தங்களுக்கும் சமமான குடியுரிமை கேட்டார்கள். சைரீன் கொடுத்தது. கரையில் நின்று விரட்டிய சம்பவம் மட்டும் அந்தக் கல்லில் ஒரு வரிகூட இல்லை.