பாட்டு முதலா, மெட்டு முதலா? பண்ணைப்புரத்தில் தொடங்கும் ஒரு கதை

1964 மே 27. நேரு காலமாகிறார். கண்ணதாசன் ஓர் இரங்கல் கவிதை எழுதுகிறார். சினிமாவுக்காக இல்லை, எந்த மெட்டையும் மனசுல வெச்சுக்கிட்டும் இல்லை. அந்தக் கவிதைக்கு ஒரு இளைஞர் மெட்டுப் போடுகிறார். கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர். இருபது, இருபத்தோரு வயசு. அவர்தான் இளையராஜா. அவர் முதன்முதலில் இசையமைத்த பாட்டு அதுதான்னு சொல்வாங்க.

இதுல நான் பிடிச்சுக்க நினைக்கிறது ஒரே ஒரு விஷயம்: கவிதை முதல்ல வந்தது, மெட்டு அப்புறம் வந்தது. சின்ன விஷயமா தெரியுதா? இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு.

ஐரோப்பாவில் இதை ஒரு தனிக் கலையாவே வளர்த்தாங்க. 1814-ல் வியன்னாவில் ஷூபர்ட்னு ஒரு பையன். வயசு 17. கதே எழுதின ‘ஃபாஸ்ட்’ நாடகத்தில் ஒரு பெண் ராட்டை சுத்திக்கிட்டே பாடுற கவிதையை எடுத்து இசையமைச்சார். பியானோ அங்கே வெறும் பக்கவாத்தியம் இல்லை, ராட்டையாவே சுத்தும். 31 வயசில் இறந்துபோறதுக்குள்ள அறுநூறுக்கு மேல பாட்டு. 1816-ல் நண்பர்கள் ஒரு கட்டுப் பாட்டை கதேவுக்கே அனுப்பினாங்க. பதிலே இல்லாமல் அது திரும்பி வந்துச்சு!

1828-ல், கடைசி மாதங்களில், அவர் எழுதின ஒரு பாட்டுக்கு ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு கிளாரினெட். அவ்வளவுதான். உயரமான பாறை மேல நின்னு ஒரு இடையன் பள்ளத்தாக்கைப் பார்த்துப் பாடுறான். எதிரொலி மாதிரி கிளாரினெட் பதில் சொல்லுது. மேகமலைப் பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன், கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் பாடினார், அவர் ஜெயிச்சார். அந்த மேடைகளில் சனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டுப் பாடுவாங்க. கேட்டவுடனே ஒட்டிக்கணுமே! ஆக, அங்கே மெட்டுதான் முதல். அண்ணனோட குழுவில் 14 வயசில் சேர்ந்த தம்பி படிச்ச முதல் பள்ளிக்கூடம் இது. பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படிச்சு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் ஸ்வரம் எழுதுற பழக்கம் வந்தது.

1976, ‘அன்னக்கிளி’. அதுக்கப்புறம் சினிமா. சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதல், வரி அப்புறம். கவிஞர் மெட்டை அளந்து வார்த்தையை வெட்டித் தைப்பார்.

ஆனா கவிதை முதல்ல வந்தா இசையமைப்பாளருக்கு என்ன சிக்கல்? தமிழில் அது கொஞ்சம் விசேஷமான சிக்கல். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மெட்டுக்காகக் குறிலை இழுத்தா அர்த்தமே மாறிடும். கல் கால் ஆயிடும், படு பாடு ஆயிடும். சாமிகிட்ட வரம் கேட்கப் போனவன் வாரம் கேட்டுட்டு வருவான்! அதனால நீளமான ஸ்வரத்தை நெடில் மேல உட்கார வைக்கணும். மூச்சு வாங்குற இடம் சொல்லுக்கு நடுவில் வரக் கூடாது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசைன்னு பாவுக்குள்ளேயே ஒரு நடை இருக்கு. அதைக் கேட்காமல் தாளத்தைத் திணிச்சா, பாட்டு இருக்கும், கவிதை செத்துடும்.

1986-ல் இளையராஜா வேற ஒரு வழியில் போனார். ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. அதில் முன்னால நிக்கிறது வயலின். பாட்டு வரிகளுக்கு வேலையில்லை. அதில் வயலின் வாசிச்ச வி.எஸ். நரசிம்மன் பின்னாடி ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நாலே நாலு தந்தி வாத்தியத்துக்கு எழுதினார்.

அப்புறம் இளையராஜா கவிதைக்குத் திரும்பினார். 2000-ல் ‘பாரதி’ படத்தில் பாரதியின் கவிதைகள். 2005-ல் திருவாசகம். மாணிக்கவாசகரின் வரிகள், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, ஸ்டீஃபன் ஷுவார்ட்ஸ் எழுதிய ஆங்கிலப் பகுதி. இது நாலு வாத்தியக் கச்சேரி இல்லை, முழு ஆர்கெஸ்ட்ரா. ஆனா கேள்வி அதேதான். தேவாரத்துக்குப் பண் வகுத்து வெச்சிருக்காங்க. திருவாசகத்தை வழக்கமா மோகனத்தில்தான் பாடுவாங்க. மாணிக்கவாசகரிடம் போய் ‘ஐயா, இங்கே ஒரு அசை கூடுது, மாத்திக் கொடுங்க’ன்னு கேட்க முடியுமா? இசைதான் வளையணும்.

2024-ல் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இளையராஜா பாடல்களின் உரிமை வழக்கில், பாடலாசிரியரும் உரிமை கேட்டா என்ன ஆகும்னு சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. அதே நாட்களில் இசை பெரிதா, மொழி பெரிதா என்று மேடையில் பேசினார் வைரமுத்து. கங்கை அமரன் காட்டமாக மறுத்தார். மூணு பேருமே தேனி மாவட்டத்துக்காரங்க! மத்தவங்களுக்கு அது ஒரு வாரச் சண்டை. எனக்கு என்னவோ, பள்ளத்தாக்கின் பழைய கேள்வி மறுபடி எதிரொலிச்ச மாதிரி இருந்தது.

யார் பெரியவர்னு தீர்ப்புச் சொல்றது என் வேலை இல்லை. ஆனா 1964-ல் அந்த இளைஞர் கையில் இருந்தது இன்னொருத்தர் எழுதி முடிச்ச கவிதை. அதில் ஒரு எழுத்தைக்கூட மாத்தாமல் பாட்டாக்கணும். அதுக்கு முதல்ல அதைப் படிக்கணும், சத்தமா, பல தடவை. இந்த வாரம் உங்களுக்குப் பிடிச்ச ஒரு கவிதையை அப்படி வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. எந்த எழுத்தில் குரல் தானா நீளுதோ, அங்கேதான் மெட்டு ஆரம்பிக்குது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.